கிணற்றுக்கு மேற்கே ஒரு சாண்

மாவட்டம் பிரிந்த வருடத்தில்தான் நான் நில அளவராகத் திருவண்ணாமலைக்கு வந்தேன். சேலை கட்டிய சர்வேயரை அதுவரை இந்தப் பக்கத்துக் கிராமங்களில் யாரும் பார்த்ததில்லை. வரப்பில் இறங்கினால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். "சர்வேயர் வர்லீங்களா? நீங்க அவரு வூட்டம்மாவா?" என்று கேட்பார்கள். நான்தான் சர்வேயர் என்றால் சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். "சங்கிலிய இழுத்துப் பிடிங்க" என்று ஒரு அதட்டல் போட்டதும் சிரிப்பு அடங்கிவிடும். இந்த வேலையில் என் படிப்பைவிட என் கோபம்தான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

எல்லையை இங்கே அத்து என்பார்கள். அத்து காட்டச் சொல்லி மனு கொடுத்தால் சர்வேயர் வந்து நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார் என்று ஜனங்களுக்கு ஒரு எண்ணம். அப்படி இல்லை. சர்க்காரிடம் ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு படம் இருக்கிறது. எந்த மூலையில் கல் இருக்க வேண்டும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எவ்வளவு நீளம் என்று அதில் போட்டிருக்கும். தகராறு இல்லாத ஒரு கல்லைப் பிடித்து, அங்கிருந்து அளவுச் சங்கிலி போட்டு, படத்தில் இருக்கும் கோட்டை மண்ணில் காட்டினால் என் வேலை முடிந்தது. கோட்டைத் தாண்டி ஒருவர் பல வருடமாக உழுது அனுபவித்து வந்தால் அது யாருக்குச் சேரும் என்பதை சிவில் கோர்ட்தான் சொல்ல வேண்டும். இதை ஒவ்வொரு மனுவிலும் தொண்டை வறளச் சொல்லுவேன். முதல் பாதிதான் அவர்கள் காதில் விழும்.

தகராறு இல்லாத கல்லைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. வருடா வருடம் ஏர் ஓட்டும்போது வரப்பை ஒரு விரல் சீவுவார்கள். இவர் சீவினால் அவர் சும்மா இருப்பாரா? அவரும் சீவுவார். நான் பார்த்தவரை இந்த ஜில்லாவில் கால் முளைக்காத வரப்பு கிடையாது. வரப்பு நகர்ந்தால் பரவாயில்லை, கோடு அதன் இடத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். சாமி நம்பிக்கை எனக்குக் கம்மி. கோட்டின் மேல்தான் நம்பிக்கை ஜாஸ்தி.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டம் பெருக ஆரம்பித்த காலம் அது. கிரிவலப் பாதையை ஒட்டிய நிலத்துக்குத் திடீரென்று கிராக்கி வந்தது. வேர்க்கடலை போட்ட கொல்லைக்கெல்லாம் டவுன்காரர்கள் காரில் வந்து விலை கேட்டார்கள். அத்து அளக்கச் சொல்லி வரும் மனுக்கள் என் மேஜையில் குவிந்தன. அப்படி வந்ததில் ஒன்றுதான் இது.

அன்று காலை அடி அண்ணாமலைப் பக்கம் போவதற்காக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். வெளியே ஒரு வேன் காலியாக நின்றது. அதே பக்கம் போகிற ஜனங்கள் கூடையும் பையுமாக வெயிலில் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட வேனில் ஏறவில்லை. இடம் கிடைத்த சந்தோஷத்தில் நான் ஏறி உட்கார்ந்தேன். ஓட்டுகிற பையனுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். திரும்பிப் பார்த்து, "நீங்க ஊருக்குப் புதுசுங்களா?" என்றான். நான் போக வேண்டிய இடத்தைச் சொன்னேன். அவன் வேறொன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. சைக்கிள்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். எதிரே லாரி வந்தால் ஓரம் கட்டி நிறுத்திவிட்டான். நாய் குறுக்கே போனால், அது மறைந்த பிறகும் சிறிது நேரம் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான். "தம்பி, நான் நடந்தே போயிருப்பேன்" என்று சிடுசிடுத்தேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கைகள் வேர்த்திருந்தன.

ஊர் முனையில் தலையாரி சங்கிலிப் பையோடு காத்திருந்தார். நான் இறங்குவதைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது.

"மேடம், அந்த வண்டியிலயா வந்தீங்க?"

"ஏன், பிரேக் இல்லையா?"

"பிரேக்லாம் கீது. அந்தப் பையன் மேல சத்தியம் கீது. அவன் வண்டில யாரும் ஏற மாட்டாங்க."

கொல்லைக்குப் போகும் வழியில் அவர் சொன்ன கதை இதுதான். அந்தப் பையனின் அம்மாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம். புருஷன் இல்லை. இருப்பது இந்த ஒரே மகன். நிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு கிணறு. அதற்கும் கிழக்கே உள்ள கொல்லையை டவுனில் லாட்ஜ் வைத்திருக்கும் ஒருவர் வாங்கினார். கிணறு என் பக்கம் வருகிறது என்றார். இல்லை, கிணற்றுக்குக் கிழக்கேதான் அத்து என்றாள் இவள். ஊர் கூடியது. அந்தப் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. எல்லை இதுதான் என்று சொல்கிறவர் தலைமுழுகி, ஈரத்துணியோடு, அந்த வரப்பு மண்ணிலேயே ஒரு கட்டி எடுத்துத் தலையில் வைத்து, அதன்மேல் கற்பூரம் ஏற்றி, கல்லிலிருந்து கல் வரைக்கும் நடக்க வேண்டும். பொய்யாக இருந்தால் இன்னது போகட்டும் என்று சாமியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடுத்த கார்த்திகை தீபம் வரை தவணை. அதற்குள் ஒன்றும் ஆகாவிட்டால் நிலம் நடந்தவருக்கு. தை மாதத்தில் அவள் நடந்திருக்கிறாள். போகட்டும் என்று சொன்னது மகனை.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "சொல்றதுக்கு வேற எதுவும் கெடைக்கலயா? மாட்டைச் சொல்லியிருக்கலாமே!"

"மாட்டயெல்லாம் ஊரு ஒத்துக்காதுங்க. இருக்கறதுல பெருசத்தான் வைக்கணும்."

அதற்குப் பிறகு அந்தப் பையனுக்கு நடந்ததெல்லாம் சகுனமாகிவிட்டது. டயர் வெடித்தால் சகுனம். ஜுரம் வந்தால் சகுனம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், ஆனால் ஊர் முழுக்கப் பனைமரத்தின் கீழேயே நின்றுகொண்டிருந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? பெண் கொடுப்பதாகச் சொல்லியிருந்த வீட்டார் தீபம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவன் போகிற நேரத்தில் நாமும் கூடவே போக வேண்டாம் என்று வேனில் ஏறுவதை நிறுத்திவிட்டார்கள். யாருக்கும் அவன் மேல் பகை இல்லை. அதுதான் எனக்குப் பயங்கரமாகப் பட்டது. எல்லாரும் அவனிடம் அன்பாகப் பேசினார்கள், அவன் போன பிறகு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொல்லையில் லாட்ஜ்காரர் குடை பிடித்துக்கொண்டு நின்றார். மரியாதையான மனிதர். "நான் சத்தியமெல்லாம் கேக்கலீங்க மேடம். ஊர்லதான் கேட்டாங்க. நீங்க அளந்து காட்டுங்க, அது போதும்" என்றார். என் வாயிலிருந்து வர வேண்டிய வார்த்தைகள் அவர் வாயிலிருந்து வந்தன. அவரை எனக்கு அந்த நிமிடம் பிடித்துத்தான் இருந்தது.

அந்த அம்மாள் மோட்டார் கொட்டகைச் சுவரில் கை வைத்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். உழைத்து முறுக்கேறிய கைகள். வணக்கம் சொல்லவில்லை, என் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச தூரத்தில் அவள் மகன் வேனை நிறுத்திவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தான். அவளுடைய பார்வை முழுக்க அங்கேதான் இருந்தது.

தெற்கு மூலையில் ஓடைக்கரைக் கல்லில் தகராறு இல்லை. மண்ணைத் தள்ளிப் பார்த்தேன், கல்லின் தலையில் சர்வேக்காரர்கள் வெட்டிய கோடு தெளிவாக இருந்தது. வடக்கு மூலையில்தான் வம்பு. அந்த அம்மாள் கிணற்றுக்குக் கிழக்கே வரப்பில் நட்டிருந்த ஒரு கல்லைக் காட்டினாள். "நான் இந்த வூட்டுக்கு வந்த அன்னைக்கே இதுதான் அத்துக்கல்லுனு காட்டுனாங்க. இது வரைக்கும்தான் நடந்தேன்." கல்லைக் கழுவச் சொன்னேன். தலையில் கோடு எதுவும் இல்லை. பக்கவாட்டில் ஒரு துளை இருந்தது. மரம் செருகுகிற துளை. மாடு பூட்டிக் கமலை இறைத்த காலத்துக் கல்தூண் அது. மோட்டார் வந்த பிறகு யாரோ பிடுங்கி வரப்பில் நட்டிருக்கிறார்கள். அத்துக்கல் காணாமல் போனதால் அடையாளத்துக்கு நட்டார்களோ, கல் சும்மா கிடக்கிறதே என்று நட்டார்களோ, அது இனி யாருக்கும் தெரியாது. ஒரு தலைமுறை கடந்ததும் கமலைக் கல் அத்துக்கல்லாகிவிட்டது. அதை நம்பித்தான் அவள் மகனை வைத்து நடந்திருக்கிறாள்.

ரோட்டோரத்தில் இருந்த, தகராறு இல்லாத இன்னொரு கல்லிலிருந்து சங்கிலி போட்டு வடக்கு மூலையின் சரியான இடத்தைப் பிடித்தேன். அங்கே தோண்டச் சொன்னேன். உடைந்த கல் சில்லுகள் வந்தன, கல் இல்லை. முளை அடித்து, ஓடைக்கரைக் கல்லிலிருந்து முளைக்குக் கயிறு கட்டினோம். கயிறு கிணற்றுக்கு மேற்கே போனது. கிணற்றின் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, இறுக்கமாக, நேராகப் போனது. அந்தக் கொஞ்ச இடைவெளியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

கிணறு முழுசாக லாட்ஜ்காரர் பக்கம். யாரும் கிணற்றைப் பார்க்கவில்லை. கூட்டம் மொத்தமும் திரும்பி வேனைப் பார்த்தது. பையன் எழுந்து நின்றான். அவனுக்கு அங்கிருந்தே கயிறு தெரிந்திருக்கும்.

"அந்தம்மா பொய் சொல்லலீங்க. தப்பான கல்ல நம்பிட்டாங்க, அவ்ளோதான். பொய்யும் தப்பும் ஒண்ணு இல்ல" என்று சத்தமாகச் சொன்னேன்.

கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "அது கற்பூரத்துக்குத் தெரியுங்களா மேடம்?"

  சங்கிலியைச் சுருட்டச் சொன்னேன். திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தேன். அவன் வேனில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

சில நாட்கள் கழித்து அந்த அம்மாள் தாலுகா ஆபீசுக்கு வந்தாள். கால் முழுக்கப் புழுதி. வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"நடந்தா வந்தீங்க? பையன் வண்டி என்னாச்சு?"

"வண்டி எடுக்கறதில்லமா. வூட்லயே கெடக்குறான். சோறு போட்டா, இதுதான் கடைசி சோறானு கேக்குறான். நீங்க அளந்த அன்னிலேந்து இப்படித்தான்."

 எனக்குத் தெரிந்தது சட்டம்தான், அதைத்தான் அவளுக்குச் சொன்னேன். நான் காட்டியது படத்தில் இருக்கிற கோடு மட்டும்தான், கிணறு யாருக்கு என்று நான் சொல்லவில்லை என்றேன். நீங்கள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் கிணற்றில்தான் இறைக்கிறீர்கள், யாரும் தடுத்ததில்லை, கரண்ட் இணைப்பு உங்கள் வீட்டுக்காரர் பேரில் இருக்கிறது, பல வருட அனுபவம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். "கோர்ட்டுக்குப் போங்க. கெணறு ஒங்களுக்கே தீர்ப்பாகறதுக்கு வழி இருக்குது. வக்கீல நான் காட்டுறேன்."

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "கோர்ட்டு கெணத்தக் குடுக்கும். புள்ளயக் குடுக்குமாம்மா?"

"கோர்ட்டுக்கும் பையனுக்கும் என்ன சம்பந்தம்? அவனுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒங்களுக்கு அது தெரியுது. அவனுக்குத் தெரியலயே. எனக்கும் தெரியலமா."

ஊரில் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். தப்பாகச் செய்த சத்தியத்தை இறக்கி வைக்கலாம். அதே போல ஈரத்துணியோடு, தலையில் மண்ணோடு, சரியான அத்தில் மறுபடி நடந்து, மிச்சத்தை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அதற்கும் தவணை அதே தீபம். "நீங்க வந்து கோட்டக் காட்டணும். எனக்கு இப்ப எந்தக் கல்லு மேலயும் நம்பிக்க இல்ல" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "கெணறு இல்லாம என்ன பண்ணுவீங்க? காத்தையா குடிக்கும் பயிரு?"

"மானாவாரி போட்டுக்கறேன். மழ பேஞ்சா உண்டு, இல்லாட்டி இல்ல" என்றாள். 

புதுக்கல் நட வேண்டிய நாளன்றே அவள் நடப்பது என்று முடிவானது. ஏரியில் முழுகிவிட்டு நீர் சொட்டச் சொட்ட வந்தாள். ஊர் முழுக்க வந்திருந்தது. லாட்ஜ்காரர் வரவில்லை, ஆளை அனுப்பியிருந்தார். பையனை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். முதல் நாள் பார்த்தவன் போலவே இல்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டிருந்தது. ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேனே, அவனுக்கு அது ஏற்கெனவே ஆகிக்கொண்டிருந்தது.

மண்கட்டியைத் தலையில் வைப்பதற்கு முன்னால் அவள் என் பக்கம் வந்தாள்.

"ஒங்களுக்கு எத்தினி புள்ளைங்கமா?"

"ஒரே பொண்ணு. ரெண்டாவது படிக்கிறா."

"நல்லா இருக்கட்டும். இந்தக் கோடு சரிதானே? வாயால சொல்லுங்க."

"சரிதான்" என்றேன். சர்க்கார் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேறென்ன சொல்ல முடியும்?

கற்பூரம் ஏற்றினார்கள். அவள் ஓடைக்கரைக் கல்லிலிருந்து கயிற்றை ஒட்டி நடக்க ஆரம்பித்தாள். கிணற்றருகே வந்ததும் நின்றாள். மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அண்ணாமலையாரே! இது சர்வேயரம்மா காட்டுன அத்து. நான் எறங்கிட்டேன், என் புள்ளய விட்டுடு. இது தப்பா இருந்தா, காட்டுனவங்களக் கேளு."

தலையாரி சட்டென்று என் முகத்தைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. வேனைப் பார்த்த அதே பார்வை. அவள் கிணற்றைத் திரும்பிப் பார்க்காமல் புதுக்கல் வரைக்கும் நடந்து மண்ணை இறக்கினாள். பையன் அங்கேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

மறுவாரமே அவன் வேனை எடுத்துவிட்டான். வேட்டவலம் ரோட்டில் ஒரு நாள் பார்த்தேன். படிக்கட்டில் ஆள் தொங்க, ஹாரன் அடித்துக்கொண்டு, பஸ்ஸை முந்திப் போனான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நான் ஆபீசுக்குப் போய்ச் சங்கிலியைச் சரிபார்த்தேன். இதற்கென்று எங்கள் வளாகத்தில் இரண்டு கல் பதித்திருக்கும், நடுவில் இருக்க வேண்டிய நீளம் மாறாது. சங்கிலி இழுபட்டு இழுபட்டுக் கொஞ்சம் நீண்டுதான் இருந்தது. அளவில் இவ்வளவு வரை வித்தியாசம் வரலாம் என்று எங்கள் விதியே அனுமதிக்கிறது. வெயிலில் இரும்பு நீளும், மேடு பள்ளத்தில் தொய்வு விழும், மனுஷன் கை நடுங்கும். அது தெரிந்துதான் விதி செய்திருக்கிறார்கள். சங்கிலி அந்த விதிக்குள்தான் இருந்தது. எத்தனையோ வருடம் அந்த விதியை நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையாரியைக் கூட்டிக்கொண்டு போய், வேறு சங்கிலி போட்டு, வடக்கு மூலையை மறுபடி அளந்தேன். புதுக்கல்லுக்கு ஒரு விரல் கிழக்கே வந்தது. திரும்ப அளந்தேன், ஒரு விரல் மேற்கே வந்தது. கிணறு எப்படி அளந்தாலும் அந்தப் பக்கம்தான். சட்டப்படி என் கோட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் கேட்டது சட்டப்படி சரியா என்று இல்லையே. ஒரு விரல் கிழக்கே இருந்தால் அது தப்பா, சரியா? இதை யாரிடம் கேட்பது? "இன்னா மேடம், இன்னொரு தபா அளக்கணுமா?" என்று தலையாரி கேட்டார். அவர் குரலில் இருந்த பரிவு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குள் லாட்ஜ்காரர் கிணற்றைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் கடலைச்செடி வாடி நின்றது.

ஐப்பசி மழையில் என் மகளுக்கு ஜுரம் வந்தது. ஊரில் பாதிக் குழந்தைகளுக்கு வந்த ஜுரம்தான். நான் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வேலூரில் வாத்தியார் வேலை பார்க்கும் என் கணவர் வார விடுமுறைக்கு வந்தவர், விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். "மடியில கனமில்லனா வழியில என்ன பயம்?" என்றார். என் மடியில்தான் குழந்தை கொதித்துக்கொண்டு படுத்திருந்தாள். அவரிடம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. ஜுரம் விட்டது. பிறகு அவளைத் தனியாக ரோடு தாண்ட விடவில்லை. ஸ்கூல் ரிக்ஷாவை நிறுத்திவிட்டு நானே கொண்டுபோய் விட்டேன். மாடிப்படியில் அவள் ஓடினால் நானும் பின்னாலேயே ஓடுவேன். "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லி அவளையும் அன்று அந்த வேன் போன மாதிரி நடக்க வைத்துவிட்டேன். அப்போதுதான் அந்தப் பையனின் வேர்த்த கைகள் எனக்குப் புரிந்தன. நம்பாதவளுக்கும் பயம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தீபத்தன்று மகளை வெளியே கூட்டிப்போகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். அவள் அழுது அடம்பிடித்தாள். சாயங்காலம் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருமுனை வரைக்கும் மட்டும் வந்தேன். நெரிசல் தாங்கவில்லை. ஜனங்கள் மலை உச்சியையே பார்த்தபடி நின்றார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் மலையைப் பார்க்கவில்லை. குழந்தையைச் சுற்றி இருந்த கால்களையும் மாடுகளையும் சைக்கிள்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரோ என் தோளைத் தொட்டார்கள். அந்த அம்மாள். கையில் ஒரு துணிமூட்டை. இளைத்திருந்தாள். மழை அவர்கள் பக்கம் சரியாகப் பெய்யவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"இதுதான் பொண்ணாம்மா?"

"ஆமா."

"நல்லா இருக்குதா? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

அந்தக் கேள்வியில் விசாரிப்பு மட்டும் இல்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இத்தனை மாதமும் நான் நாளை எண்ணிய மாதிரியே அவளும் எண்ணியிருக்கிறாள். என் மகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் கோடு தப்பு. என் கோடு தப்பென்றால் கிணறு அவளுடையது. அவள் கெட்டவள் இல்லை. என் குழந்தைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று தினமும் வேண்டியும் இருப்பாள். ஆனாலும் தினமும் நினைத்திருப்பாள். அவள் இடத்தில் நான் இருந்தால் நானும் நினைத்திருப்பேன்.

"நல்லா இருக்கா" என்றேன்.

"அப்ப கோடு சரிதாம்மா" என்றாள். பெருமூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூட்டையை அவிழ்த்து ஒரு பொரி உருண்டையை எடுத்து என் மகளிடம் நீட்டினாள்.

நான் தடுப்பதற்குள் மகள் வாங்கிக் கடித்துவிட்டாள். அதே நேரம் உச்சியில் தீபம் ஏறியது. ஊரே மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு அரோகரா என்று கத்தியது. நாங்கள் இரண்டு பேரும் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. குழந்தை தின்று முடிக்கும் வரைக்கும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.